கம்பளத்தைத் தோண்டும் முயலுக்கு

வணக்கம். ஏற்காட்டு வீட்டில் குளிருக்கு விரித்த கம்பளத்தை உங்கள் பெண் முயல் மூலையில் தோண்டி, நூலைக் கடித்து இழுக்கிறது, அதட்டினாலும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதட்டாதீர்கள், பயம்தான் மிஞ்சும். வளை தோண்டுவது அதன் பிறவிக் குணம்; பெண் முயலுக்கு இன்னும் அதிகம். கருத்தடை செய்தால் பெரும்பாலும் குறையும்.

முதலில் வயிற்றைக் கவனியுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கிய நூல் குடலை அடைத்துவிடலாம். அரை நாள் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் கிடந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே சேலத்துக்காவது இறங்கி மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், தோண்டும் அதே மூலையில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை வையுங்கள். ஒரு பக்கம் வாசல் வெட்டி, கிழித்த காகிதமும் உலர்ந்த புல்லும் முக்கால்வாசி நிரப்பி, அடியில் நாலு கொத்தமல்லித் தழையைப் புதைத்துவிடுங்கள். மோப்பம் பிடித்ததும் முன்னங்கால் இரண்டும் படபடவென்று அதற்குள் போகும். கம்பள விளிம்பைச் சாயம் ஏற்றாத கோரைப்பாயால் மூடுங்கள். அதைக் கடித்தால் பரவாயில்லை.

பல் வாழ்நாள் முழுக்க வளரும். அது தேய மென்றுகொண்டே இருக்க வேண்டும்; அதனால் உலர்ந்த புல் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். கேரட் அந்த வேலையைச் செய்யாது. மருந்தடித்த காப்பித் தோட்டத்துப் புல்லை மட்டும் அறுத்துப் போட்டுவிடாதீர்கள்.