பேபி ஷவர் விளையாட்டுகளில் வயதானவர்களைச் சேர்க்கலாமா?

பேபி ஷவருக்கு, அதாவது குழந்தை பிறக்கும் முன் தாயாகப்போகிறவருக்கு நடத்தும் கொண்டாட்டத்துக்கு, வரும் 70 வயதைக் கடந்த உறவினர்களை விளையாட்டுகளில் சேர்த்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமா, ஓர் ஓரமாக வசதியாக உட்காரவைத்துவிடுவதுதான் மரியாதையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தங்கைக்கு பேபி ஷவர் நடத்தியபோது எங்களுக்கும் இதே தயக்கம் இருந்தது. எங்கள் பெரியம்மாவுக்கு அப்போது 76 வயது. காது சற்று மந்தம். அவருக்கென்று நல்ல நாற்காலி ஒன்றைச் சுவரோரமாகப் போட்டு, பக்கத்தில் மின்விசிறியும் வைத்துவிட்டு, நம் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம். எல்லோருக்கும் துணி மாட்டும் கிளிப் ஒவ்வொன்றைக் கொடுத்து, "இனி நிகழ்ச்சி முடியும்வரை யாரும் 'பாப்பா' என்று சொல்லக் கூடாது; சொல்பவரைக் கண்டுபிடித்தவர் அவருடைய கிளிப்பை எடுத்துக்கொள்ளலாம்" என்று அறிவித்தபோது, "எனக்கு எங்கே?" என்று கையை நீட்டியவர் அவர்தான்.

ஒரு மணி நேரத்தில் அவர் தோளில் ஒன்பது கிளிப்புகள் வரிசையாகத் தொங்கின. அத்தனை இரைச்சலில் எங்களுக்கே பாதிப் பேச்சு விளங்காதபோது, அறையின் மறுகோடியில் யாரோ முணுமுணுத்த சொல்லை அவர் எப்படிப் பிடித்தார் என்று எல்லோருக்கும் வியப்பு. விஷயம் இதுதான்: பல ஆண்டுகளாகக் காது சரியாகக் கேட்காததால், பேசுபவரின் வாயைப் பார்த்தே புரிந்துகொள்ளப் பழகிவிட்டவர் அவர். "பாப்பா" என்று சொன்னால் உதடுகள் இரண்டு முறை மூடித் திறக்கும். அதை அவர் கண்ணால் பிடித்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரு வழக்கும் வந்தது. "மாமா வந்துட்டாரா?" என்று கேட்ட ஒரு பெண்ணிடம் போய்ப் பெரியம்மா கிளிப்பைக் கேட்க, அவள் மறுக்க, "உதடு ரெண்டு தடவை மூடுச்சே, நான் பார்த்தேனே!" என்று அவர் விடாமல் வாதாடினார். மேலுதடும் கீழுதடும் பொருந்தப் பிறப்பவை பகரமும் மகரமும் என்று பள்ளியில் இலக்கணம் படித்திருக்கிறோம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விளக்கிச் சொன்னதும் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் வெல்லட்டும் என்று ஒரு தம்பி வேண்டுமென்றே அவர் முன்னால் வந்து "பாப்பா, பாப்பா" என்றான். நீட்டிய கிளிப்பைப் பெரியம்மா வாங்கவே இல்லை. "தெரிஞ்சே சொன்னது கணக்கு கிடையாதுடா" என்று அனுப்பிவிட்டார். தயவுசெய்து பெரியவர்களுக்காக விட்டுக்கொடுத்து விளையாடாதீர்கள். அது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், தெரிந்ததும் மனம் விட்டுப்போகும்.

செய்ய வேண்டியதெல்லாம் விளையாட்டு அவர்களை எட்டும்படி பார்த்துக்கொள்வதுதான். 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைந்திருப்பதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. வயதால் வரும் இக்குறைபாட்டில் மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகள்தாம் முதலில் நழுவுகின்றன என்பதால், பேசும் சத்தம் கேட்கும், ஆனால் சொல் பிரியாது. பின்னணியில் பாட்டும் ஓடினால் சொல்லவே வேண்டாம். ஆகவே விதிகளைச் சொல்லும்போது பாட்டை நிறுத்துங்கள், முகம் தெரியும்படி நின்று சொல்லுங்கள், பெரிய எழுத்தில் எழுதியும் வையுங்கள். சுவரோர நாற்காலியை நடுவில் கொண்டுவந்து போடுங்கள். நாங்கள் செய்த தவறு அதுதான். தரையில் உட்கார்ந்து எழுவது, பலூனோடு ஓடுவது போன்றவற்றில் மட்டும் அவர்களை நடுவராக்கிவிடலாம்.

கைவேலை உள்ள விளையாட்டு ஒன்றாவது இருக்கட்டும். பொம்மைக்கு டயப்பர் கட்டும் போட்டியில் நாங்கள் எல்லோரும் ஒட்டும் டயப்பரோடு மல்லுக்கட்ட, பெரியம்மா ஒரு துணியை முக்கோணமாக மடித்து, ஊக்குதான் வேண்டும் என்றார். ஊக்கைக் குத்துவதற்கு முன் இடது கையின் இரண்டு விரல்களைத் துணிக்கும் பொம்மையின் வயிற்றுக்கும் நடுவே கொடுத்துக்கொண்டார். தவறினால் ஊசி தன் விரலில்தான் ஏறும், பிள்ளைமேல் படாது. பொம்மை என்பது அவருக்குத் தெரியாதா என்ன, ஆனாலும் கை அப்படித்தான் போயிற்று. நேரக்கணக்கில் கடைசியாகத்தான் வந்தார். ஆனால் என் தங்கை போட்டியை மறந்துவிட்டு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு முறை செய்து பார்த்தாள்.

தட்டில் வைத்த 15 குழந்தைச் சாமான்களை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மூடியபின் நினைவிலிருந்து எழுதும் விளையாட்டில் அவர் எழுதியது பதினொன்று. பரிசு வேறொருவருக்குப் போயிற்று. மறுநாள் காலை ஆறரை மணிக்கு எனக்குத் தொலைபேசியில் அழைத்து, நலம்கூட விசாரிக்காமல், "அந்தத் தட்டுல நகவெட்டி ஒண்ணு இருந்ததுல்ல?" என்று கேட்டார். இருந்தது.