எடுத்த கட்டியை லேபுக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 47. உச்சந்தலையில் பத்து வருடமாக நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை, சீப்பு பட்டால்தான் தெரியும். என் அம்மாவுக்கும் இருந்தது. 'கொழுப்புக் கட்டிதான்' என்ற சர்ஜன், எடுத்ததும் பயாப்சிக்கு அனுப்பச் சொல்கிறார். கேன்சர் சந்தேகமா டாக்டர்? இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.
- விருதுநகர் வாசகி

பதில்: நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. பேத்தாலஜி லேபில் என் மேஜைக்கு வருகிற இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை.

பேச்சுக்குத்தான் கொழுப்புக் கட்டி. உள்ளே இருப்பது கெராட்டின், நம் முடியிலும் நகத்திலும் இருக்கிற அதே சரக்கு. உதிர வழியில்லாமல் ஒரு பைக்குள் சேர்ந்து கிடக்கிறது. அம்மாவுக்கும் இருந்தது என்றதுமே எனக்குத் தோன்றியது பைலார் சிஸ்ட். தலையில்தான் அதிகம் வரும், குடும்பத்தில் தொடரும். முகத்திலும் முதுகிலும் வருகிற எபிடெர்மாய்டு சிஸ்ட்டுக்குப் பல சமயம் நடுவில் ஒரு கரும்புள்ளி இருக்கும்.

சரி, பிறகு லேப் எதற்கு? தொட்டுப் பார்த்துச் சொல்வது கணிப்புதான். நாள்பட்ட கட்டியின் சுவர் சில பேருக்கு உள்ளுக்குள்ளேயே தடித்து வளரும். அபூர்வமாக அது புற்றுநோயாகவும் மாறும். மேலே தோல் வழவழவென்று பழையபடியே இருக்கும். அதனால் கட்டியை இரண்டாக வெட்டியதும், வெள்ளை மாவு போன்றதை வழித்துவிட்டு, சுவரை விரலால் தடவித் தடிப்பு தேடுவேன். அந்த இடத்தை மெழுகில் பதித்து, 3 அல்லது 4 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) கனத்தில் சீவி, ஊதாச் சாயமும் ரோஸ் சாயமும் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். எபிடெர்மாய்டு என்றால் சுவரின் உள்விளிம்பில் கருநீலப் பொடி தூவியது போல ஒரு வரிசை தெரியும். பைலாரில் அது இருக்காது.

ஒருமுறை ஒரு கட்டி, வெறும் சலைனில் மிதந்தபடி இரண்டு நாள் கழித்து வந்தது. செல்கள் அழுகிப்போய் எதுவும் சொல்ல முடியவில்லை. திரும்ப எடுத்துப் பார்க்க அவர் தலையிலும் மிச்சம் இல்லை. அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது இன்னும் உறுத்துகிறது. அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: பையோடு முழுசாக எடுத்தார்களா (பை தங்கினால் கட்டி திரும்ப வரும்), கட்டியைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் (செல்கள் அழுகாமல் காக்கிற திரவம்) ஊற்றினார்களா, பாட்டிலில் உங்கள் பெயர் இருக்கிறதா?

ரிப்போர்ட்டைச் சர்ஜனிடம் காட்டிவிட்டுப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் தலையில் கட்டி தட்டுப்பட்டால், அவர்களைப் பார்க்கிற டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.