ஆரோக்கியமாகச் சாப்பிடத்தான் அதிகம் செலவாகிறதா?

கேள்வி: சிறுதானியம், பழம், காய்கறி என்று சாப்பிடச் சொல்கிறார்கள். மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா? பரோட்டாவும் பிரைடு ரைஸும்தானே மலிவு?

பதில்:

பரோட்டா மலிவு என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சொன்னவர் எத்தனை மணிக்கு வேலை முடிந்து வீடு திரும்புகிறார் என்று கேட்ட பிறகு அந்தக் கோபம் பாதி அடங்கிவிடும். நீங்கள் திருமணம் ஆகாதவர், நான்கைந்து பேரோடு அறை எடுத்துத் தங்கியிருப்பவர், அறையில் அடுப்பு இருந்தும் அதைப் பற்றவைக்க ஆள் இல்லாதவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் பிறந்தவள். திருமணமாகித் திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் பல வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்து, இப்போது வேறொரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கணவர் பவர்டேபிள் டெய்லர், அதாவது கம்பெனியில் மோட்டார் மெஷினில் தைப்பவர். மகள் பிளஸ் டூ, மகன் எட்டாம் வகுப்பு. வரவு செலவுக் கணக்கு என்றால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

கணவருக்குச் சர்க்கரை இருப்பது கம்பெனியில் நடந்த இலவசப் பரிசோதனை முகாமில் தெரிய வந்தது. முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். அங்கே உணவு ஆலோசகர் என்று ஒரு பெண் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். காலையில் ஓட்ஸ், பதினோரு மணிக்கு பாதாமும் வால்நட்டும், மதியம் பழுப்பரிசி, மாலையில் ஆப்பிள், இரவு கினோவா உப்புமா, சமையலுக்கு ஆலிவ் எண்ணெய். கினோவா என்றால் ஏதோ வெளிநாட்டுத் தானியம் என்று மகள்தான் தேடிப் பார்த்துச் சொன்னாள். பஸ்ஸில் வரும்போதே தாளின் பின்பக்கத்தில் விலை போட்டுக் கூட்டினேன். கணவர் ஒருவருடைய சாப்பாட்டுக்கு மட்டும், நான்கு பேருக்கு நாங்கள் வாங்கும் மாத மளிகையில் பாதிக்கு மேல் வந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதற்கு மாத்திரையே பரவாயில்லை போலிருக்கிறதே" என்றார்.

ஆரோக்கிய உணவு விலை அதிகம் என்று மக்கள் நினைப்பதற்கு இந்த மாதிரித் தாள்கள் பெரிய காரணம். ஊரில் விளைவது ஒன்று, தாளில் இருப்பது இன்னொன்று. ஆனால் தாளைத் திட்டிவிட்டு, "நம் பாட்டி சாப்பிட்டதைச் சாப்பிடு, பைசா செலவில்லை" என்று முடித்துவிடும் ஆட்களோடும் எனக்கு ஒத்துவராது. கணக்கைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

எங்கள் வீட்டில் ஓர் இரவு. கடையில் வாங்கினால், பரோட்டா ஒன்று 15 ரூபாய், நான்கு பேருக்குப் பதினொன்று, இரண்டு ஆம்லெட், ஏறக்குறைய 200 ரூபாய். சால்னா இலவசம். அந்தச் சால்னா எப்படிப்பட்டது என்பதை இரவில் பார்த்தால் தெரியாது. பார்சல் பிரித்த வாழையிலையை மறுநாள் காலை எடுத்துப் போடும்போது, சிவப்பாக மிதந்த எண்ணெய் இலையில் வெள்ளையாக உறைந்துபோய் நகத்தால் சுரண்டும்படி ஒட்டியிருக்கும்.

வீட்டில் சமைத்தால், அரிசி ரேஷன். துவரம் பருப்பு ஒன்றரை ஆழாக்குக்குக் குறைவாக, வெளிக்கடை விலையிலேயே போட்டாலும் 22 ரூபாய். ஒரு கட்டுக் கீரை 15. நாமக்கல் முட்டை நான்கு, 26. வெங்காயம், தக்காளி, தாளிக்க எண்ணெய் எல்லாம் சேர்த்து 15. கேஸுக்கு 8 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 90 ரூபாயைத் தாண்டாது. பரோட்டாவில் பாதிக்கும் கீழே. நான் கோபப்படுவது இதற்குத்தான்.

கோபம் அடங்குவது இனிமேல் வரும் கணக்கில். திருப்பூரில் ஒரு ஷிப்ட் என்பது காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடியும். ஆனால் ஆர்டர் இருக்கும் நாட்களில் யாரும் ஐந்தரைக்கு எழுந்து வருவதில்லை, ஒன்றரை ஷிப்ட் ஓட்டுவார்கள். வெளியே வர எட்டரை ஆகும். ஒரு ஷிப்டுக்கு 500 ரூபாய் கூலி என்றால் அந்த அரை ஷிப்டுக்கு 250. எட்டரைக்கு வெளியே வருகிறவர் கீரை ஆய்ந்து, பருப்பு வேகவைத்து, பிள்ளைகளுக்குப் போட்டுத் தானும் சாப்பிடப் பத்தரை ஆகிவிடும். அதனால் ஒன்று, அரை ஷிப்டை விட்டுவிட்டு வந்து சமைக்க வேண்டும். இல்லையென்றால், அரை ஷிப்ட் பார்த்துவிட்டுப் பரோட்டா வாங்க வேண்டும். சமைத்தால் 110 ரூபாய் மிச்சம், 250 ரூபாய் நட்டம். பரோட்டா வாங்கினால் 140 ரூபாய் லாபம். எட்டரை மணிக்குப் பரோட்டாக் கடை வாசலில் நிற்கிற பெண்ணுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். அவளைச் சோம்பேறி என்று எழுதுகிறவர்கள் ஒரு வாரம் செக்கிங் டேபிளில் நின்று பார்க்கட்டும்.

ஆக, கீரைக்கட்டின் விலை 15 ரூபாய் என்று தினமும் கடையில் கேட்கிறோமே, அது உண்மையில் 265 ரூபாய். விலைவாசிப் பட்டியலில் இந்த 250 வருவதே இல்லை. வீட்டில் பெண் ஒருத்தி சம்பளமில்லாமல் இருந்தவரை அந்தக் காசை யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

காய்கறி மலிவாக வாங்க வேண்டுமானால் உழவர் சந்தைக்குப் போ என்பார்கள். தென்னம்பாளையம் உழவர் சந்தைக்கு நானும் போவேன். விலை குறைவுதான், காயும் பனி ஈரத்தோடு இருக்கும். ஆனால் விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும், நாம் சாவகாசமாகப் போகிற நேரத்தில் நல்ல காய் போயிருக்கும். வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாக வாங்கி வைக்கலாமே என்றால், அதற்கு ஃபிரிட்ஜ் வேண்டும்.

ஃபிரிட்ஜ் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள். நாங்கள் இருப்பது லைன் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்று. தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அது எங்களுக்கு வந்ததே இல்லை. வீட்டு உரிமையாளர் சப்-மீட்டர் மாட்டி, முதல் யூனிட்டிலிருந்தே யூனிட் பத்து ரூபாய் என்று வாங்குகிறார். கேட்டால், "பிடிக்கவில்லை என்றால் வேறு வீடு பாருங்கள், வர ஆள் இருக்கிறது" என்பார். வாடகையை உயர்த்தினாலாவது உயர்த்தினேன் என்று சொல்லித் தொலைக்கலாம், இது அரசாங்கம் கொடுக்கும் சலுகையை நடுவில் நின்று எடுத்துக்கொள்வது. எங்கள் லைனில் ஃபிரிட்ஜ் இருக்கும் வீடுகளிலும் அதை இரவில் அணைத்து வைக்கிறார்கள். மாவு புளித்துப் பொங்குகிறது, கீரை மறுநாளே வாடுகிறது. வாரம் ஒரு முறை மாவாட்டி வைத்துக்கொள்ள வழியில்லாததால் பாக்கெட் மாவு வாங்குகிறோம். சொந்த மீட்டர் உள்ளவருக்கு இருபது ரூபாயில் முடிகிற இட்லி எங்களுக்கு நாற்பது ரூபாயில்தான் முடிகிறது. இது உணவுச் செலவா, மின்சாரச் செலவா என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, சிறுதானியம். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, இந்தியாதான் அதை முன்மொழிந்தது. விழா எல்லாம் நடந்தது. இன்று எங்கள் தெருக் கடையில் சாமை அரிசி கிலோ 100 ரூபாய்க்கு மேல். இதில் கடைக்காரரைக் குறைசொல்ல முடியாது. சாமை, வரகு, குதிரைவாலி எல்லாவற்றுக்கும் உமி இறுக்கமாக ஒட்டியிருக்கும், மணியும் பொடி. உமி நீக்கும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை போய்விடும், குருணையும் சேரும். முன்பு பெண்கள் உரலில் குத்தியபோது இந்த வேலைக்கும் கூலி இல்லை, இப்போது மெஷினுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது.

கேழ்வரகுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அப்படியே அரைக்கலாம். ஆனாலும் 2024-25-இல் ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதார விலை கேழ்வரகுக்குக் குவிண்டாலுக்கு 4,290 ரூபாய், சாதாரண நெல்லுக்கு 2,300. நெல்லை வாங்கி அரிசியாக்கி எங்களுக்கு இலவசமாகவே தந்துவிடுகிறார்கள், 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசிக்குக் காசு இல்லை. அதோடு பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டுக்கு அரிசி, சர்க்கரை, பாமாயில் மூன்றும் கிட்டத்தட்டச் சும்மா வருகின்றன, கேழ்வரகும் கடலை எண்ணெயும் முழு விலைக்கு. துவரம் பருப்பை 30 ரூபாய்க்கு ஒரு கிலோ கொடுப்பதற்குப் புண்ணியமாகப் போகட்டும், எங்கள் வீட்டில் புரதம் என்று இருப்பதில் பாதி அதுதான். 2023-இல் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் மட்டும் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். அது என் அம்மாவின் அட்டைக்கு. அம்மாவோ சிறுவயது முழுக்கக் களி தின்று சலித்துப்போனவர், எனக்கு அரிசியே போதும் என்கிறார்.

ரேஷனைக் குறைசொல்கிறேன் என்று யாரும் கொடி பிடித்துக்கொண்டு வர வேண்டாம். அந்த இலவச அரிசி இல்லையென்றால் நான் இந்தக் கணக்கையே எழுத முடியாது. எந்தக் கட்சிக்கும் சார்பாக எழுதவில்லை.

அம்மா ஊரிலிருந்து மாவு அனுப்பியதும் நான் களி கிண்டத் தொடங்கினேன். எங்கள் பக்கம் நொய் அரிசியை வேகவிட்டு, மாவைக் கொட்டி, மரத் துடுப்பால் இரண்டு கையும் வலிக்கக் கிண்டுவார்கள். கணவரும் பெரிய உருண்டையாக இரண்டு சாப்பிட்டார். பிறகு அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பரிசோதித்தபோது சர்க்கரை குறையவே இல்லை. அங்கிருந்த டாக்டரம்மா சிரித்துவிட்டு, "களியும் மாவுச்சத்துதானே, அதிலும் நொய் சேர்கிறது. உருண்டையைப் பாதியாக்குங்கள், பயறும் கீரையும் தட்டில் பாதி இருக்கட்டும்" என்றார். பாரம்பரியம் என்று பெயர் வைத்துவிட்டால் எவ்வளவும் தின்னலாம் என்று விற்கிறவர்கள் இதைக் கவனிக்கவும். கிலோ 300 ரூபாய்க்குச் சத்துமாவு விற்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

கடைசியில் விலை கொடுத்தது எங்கே என்றால், அரை ஷிப்டில்தான். களைப்பு அதிகமாகிக் கணவரால் எட்டரை வரை மெஷினில் உட்கார முடியவில்லை. ஐந்தரைக்கே வரத் தொடங்கினார், சமையலை எடுத்துக்கொண்டார். வாரத்தில் ஐந்து நாள் அரை ஷிப்ட் என்றால் 1,250 ரூபாய் போனது. மகளின் கல்லூரிச் செலவுக்கென்று கட்டிவந்த வாரச் சீட்டை நிறுத்தினோம். எங்கள் வீட்டு ஆரோக்கிய உணவின் விலை இதுதான். எந்த மளிகைக் கடைப் பில்லிலும் இது வராது.

அவர் சமையலுக்குப் பழகிய விதம் தனிக்கதை. முருங்கைக் கீரையை ஒவ்வோர் இலையாகக் கிள்ளிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு அக்காதான், ஈரத்துணியில் சுற்றி இரவு முழுக்க வைத்துவிடுங்கள், காலையில் உதறினால் இலை தானாக உதிரும் என்று சொல்லிக்கொடுத்தார். இப்போது துணி மூட்டையைப் பாத்திரத்துக்கு மேல் பிடித்து ஒரு தட்டு தட்டுகிறார், காம்பு மட்டும் கையில் நிற்கிறது. முருங்கைக்கு அதே அக்கா வீட்டு மரம், காசும் இல்லை. ஆண் சமைப்பதை ஏன் பெரிதாக எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். எங்கள் லைனில் அது பெரிய விஷயம்தான், அதனால் எழுதுகிறேன்.

HbA1c என்கிற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 7-க்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. மாத்திரையும் சேர்ந்துதான், சாப்பாட்டால் மட்டுமே என்று சத்தியம் செய்ய மாட்டேன். உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், என் பதிலைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம், ஆனால் வரிசையில் நின்று வாங்கி வர அரை நாள் கூலி போகிறது.

ஏழைகள் விவரமில்லாமல் தின்கிறார்கள் என்று கீழே எழுத வருபவர்களுக்கு ஒரு தகவல். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சத்தான முழு உணவுக்குச் செலவழிக்க வசதியில்லாதவர்கள் இந்தியாவில் பாதிப் பேருக்கு மேல் இருந்தார்கள். இன்னொரு பக்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்து 2023-இல் வெளியான ஆய்வு, சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர் என்கிறது. இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புத்தி கெட்டுவிட்டது என்று என்னால் நம்ப முடியவில்லை.

இனி உங்கள் விஷயம். 18,000 ரூபாயில் முடியும், ஆனால் தனியாக முடியாது. அறையில் இருப்பவர்களில் யார் முதலில் திரும்புகிறாரோ அவர் குக்கரை ஏற்றட்டும், அவருக்குப் பாத்திரம் கழுவும் வேலை வேண்டாம். காலையிலேயே பயறோ கொண்டைக்கடலையோ ஊறவைத்துவிட்டுப் போங்கள். முட்டையை விடாதீர்கள், இந்த விலைக்கு அதற்கு ஈடு கிடையாது. காலையில் நேரமில்லை என்றால், உங்கள் ஊர் மாநகராட்சி என்றால், அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை, செக்கிங்கில் இருந்த காலத்தில் நானே சாப்பிட்டிருக்கிறேன். பத்து ரூபாய்ச் சிப்ஸ் பாக்கெட்டை ஒரு முறை எடை போட்டுப் பாருங்கள், கிலோ நானூறு ரூபாய் வரும். அதே கடையில் வேர்க்கடலை அதில் பாதி விலைகூட இருக்காது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய இரவு பரோட்டா சாப்பிடுங்கள், நாங்களும் சாப்பிடுகிறோம், அவருக்கு ஒன்று மட்டும்.

நான் எழுதிய விலையெல்லாம் எங்கள் தெரு விலை. சென்னையில் கீரைக்கட்டு முப்பது ரூபாய் என்று சண்டைக்கு வராதீர்கள். அறையில் எத்தனை பேர், யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், மீட்டர் யாருடையது என்று எழுதுங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.