வாட்ஸ்அப் செய்திகளை அரசு மட்டும் படிக்க ஒரு வழி வைத்தால் என்ன தவறு?

அந்த வழிக்குத்தான் 'பின்கதவு' என்று பெயர். இப்போது நீங்கள் அனுப்பும் செய்தி உங்கள் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் போனில்தான் திறக்கிறது. சாவி வாட்ஸ்அப் நிறுவனத்திடம்கூட இல்லை. பின்கதவு என்றால் மூன்றாவதாக ஒரு சாவி செய்து வைப்பது.

சிக்கல் என்னவென்றால், கணினிக்கு ஆள் தெரியாது; சாவி சரியா என்று மட்டும்தான் பார்க்கும். ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே சாவியைக் காவல் நிலையத்தில் மாட்டி வைத்தால், திருடன் வீடு வீடாக அலையமாட்டான். அந்த ஒன்றைத்தான் குறிவைப்பான்.

இப்படி நடந்தும் இருக்கிறது. சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்று கிரீஸில் தொலைபேசி இணைப்பகங்களில் இருந்த வசதியை 2004-05இல் யாரோ ரகசியமாகப் பயன்படுத்தி, பிரதமர் உட்பட நூறு பேருக்கும் மேற்பட்டவர்களின் பேச்சைக் கேட்டார்கள். பிரதமருக்கே அந்தக் கதி என்றால், செய்தியாளருக்கும் சாதாரண ஆளுக்கும் என்ன பாதுகாப்பு?

இந்தியாவில், தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டச் சொல்லும் 2021ஆம் ஆண்டு விதியை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. காவல்துறையின் தேவை உண்மையானதுதான். ஆனால் அதற்காக எல்லோருடைய பூட்டையும் பலவீனமாக்குவது சரியில்லை.

பின்கதவு இல்லாவிட்டால் காவல்துறை கைகட்டி நிற்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கணக்கு விவரங்களை வாட்ஸ்அப்பிடம் சட்டப்படி கேட்டு வாங்கலாம், கைப்பற்றிய போனைத் திறக்க முடிந்தால் அதிலுள்ள செய்திகளையும் படிக்கலாம்.