பழுப்பாக மாறிய தண்ணீர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை, திருச்சியில் வசிக்கிறேன். சென்ற வாரம், தண்ணீரைச் சவ்வு வழியாகச் செலுத்தி உப்பை நீக்கும் ஆர்.ஓ. கருவி விற்பவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பேனாவைப் போன்ற ஒரு மீட்டரை மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் வைத்தார், 310 என்று காட்டியது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் 1,400. அவர் புட்டியில் கொண்டுவந்திருந்த ஆர்.ஓ. நீரில் வெறும் 28. பிறகு குழாய்த் தண்ணீர் ஒரு தம்ளரிலும் ஆர்.ஓ. நீர் ஒரு தம்ளரிலுமாக வைத்து, கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுத்தார். ஒரு நிமிடத்துக்குள் எங்கள் தண்ணீர் பழுப்பாகிக் கசடு திரண்டது, அவருடைய நீர் தெளிவாகவே இருந்தது. "இத்தனை வருடமும் இதைத்தானே குடித்தீர்கள் அம்மா" என்று அவர் கேட்டதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. விண்வெளி வீரர்கள் குடிப்பதும் இதே தொழில்நுட்பத்தில் சுத்திகரித்த நீர்தான் என்றார். என் மருமகளோ, ஆர்.ஓ. நீரில் சத்து இல்லை, எலும்பு தேய்ந்துவிடும் என்று வாங்க வேண்டாம் என்கிறாள். பேரக்குழந்தைகள் இருக்கும் வீடு. நாங்கள் என்ன செய்வது?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

உங்கள் கேள்விகளில் முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பழுப்பு நிறத்தைப் பற்றித்தான், ஏனென்றால் உங்கள் மன அமைதியைக் கெடுத்தது அதுதான். அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்ததன்று. அது அவர் இறக்கிய கம்பியிலிருந்து வந்தது. அத்தகைய சோதனைக் கருவிகளில் பொதுவாக இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் இருக்கும். உப்புகள் கரைந்த நீரில் மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து, நீரோடும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் சேர்ந்து, துருவுக்கு நெருங்கிய உறவான ஒரு பழுப்புக் கசடாகத் திரள்கிறது. ஆர்.ஓ. நீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதால் அதில் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, கம்பியும் கரைவதில்லை, எனவே அது தெளிவாகவே இருக்கிறது. எவ்வளவு மின்சாரம் பாய்கிறதோ அவ்வளவு உலோகம் கரையும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1830களிலேயே விதியாக எழுதிவிட்டார். தண்ணீரின் நல்லது கெட்டதைப் பற்றி அந்த விதி எதுவும் சொல்வதில்லை.

அந்த விற்பனையாளர் மறுபடி வந்தால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். அவருடைய ஆர்.ஓ. நீரிலேயே ஒரு தம்ளர் ஊற்றி, உங்கள் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை அதில் கரைத்து, அதே கம்பிகளை அவர் கையாலேயே இறக்கச் சொல்லுங்கள். (நீங்கள் தொட வேண்டாம், அது வீட்டு மின் இணைப்பில் மாட்டியது.) உங்கள் குழாய்த் தண்ணீரைவிட மோசமான கசடு அதில் திரளும். குழந்தைகள் இருக்கும் வீட்டின் பயத்தைக் காசாக்குவதற்காக இந்த வேடிக்கையை இன்னும் வீடு வீடாகக் காட்டிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையான கோபத்தைத் தருகிறது. அந்த இளைஞர் மேல் அல்ல, அவருக்கும் யாரோ அப்படித்தான் பயிற்சி கொடுத்திருப்பார்கள்.

இனி 310 என்ற எண். டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்திருக்கும் பொருட்களின் மொத்த அளவைக் குறிக்கும், ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. ஆனால் அந்தப் பேனா மீட்டர் பொருட்களை எண்ணுவதில்லை. நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டும் அளந்து, அதை ஒரு மாறிலியால் பெருக்கித் திரையில் காட்டுகிறது. கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட், சாதாரண உப்பு ஆகிய எல்லாவற்றையும் அது ஒரே எண்ணாகச் சேர்த்துவிடும். இளநீரில் அதை வைத்தால் ஆயிரக்கணக்கில் காட்டும், ஏனென்றால் இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. மறுபுறம், மின்சாரத்தைக் கடத்தாதவை அதன் கண்ணில் படுவதே இல்லை. காலராக் கிருமி இருந்தாலும், பூச்சிமருந்தின் எச்சம் இருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் லட்சக்கணக்கான மக்களை நோயில் தள்ளிய ஆர்செனிக்குக்கு இந்தியக் குடிநீர்த் தரம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். முழு எண்களை மட்டுமே காட்டும் ஒரு மீட்டரில் அந்த அளவுக்கு இடமே இல்லை.

இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்ற குடிநீர்த் தரம், டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. உங்கள் குழாய்த் தண்ணீர் அந்த முதல் வரம்புக்கு நன்றாகவே உள்ளே இருக்கிறது. திருச்சி மாநகராட்சி காவிரி, கொள்ளிடப் படுகைகளின் மணலுக்கு அடியிலிருந்து நீர் எடுக்கும் ஊர். அந்த நீரின் உப்பை நீக்க ஒரு கருவி வாங்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை என்பதே என் கருத்து.

அந்தக் கருவியை மாட்டினால் என்ன நடக்கும் என்பதை அவர் காட்டிய எண்களைக் கொண்டே பார்ப்போம். வீட்டு ஆர்.ஓ. கருவிகளில் பல, நான்கு லிட்டர் நீரை உள்ளே வாங்கினால் ஒரு லிட்டரைக் குடிக்கத் தந்து மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புபவை. லிட்டருக்கு 310 மில்லிகிராம் வீதம் நான்கு லிட்டரில் 1,240 மில்லிகிராம் உப்புகள் இருக்கும். குடிக்கும் ஒரு லிட்டரோடு 28 போய்விட்டால், மீதமுள்ள 1,212 மில்லிகிராமும் அந்த மூன்று லிட்டரில்தான் இருந்தாக வேண்டும், அதாவது லிட்டருக்கு 404. உங்கள் வீட்டுச் சாக்கடைக்குப் போகப்போகிற அந்தக் 'கழிவு' நீர்கூட, உப்பைப் பொறுத்தவரை, 500 என்ற குடிநீர் வரம்புக்குள் வருகிறது! குடிக்கவும் சமைக்கவும் நாளுக்குப் பதினைந்து லிட்டர் வேண்டுமென்றால், ஒரு குடத்துக்கு மூன்று குடம் வீதம் நாள்தோறும் காவிரித் தண்ணீரைக் கீழே விட வேண்டியிருக்கும். இதைக் கருதித்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில், டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்யவும், அனுமதிக்கும் இடங்களிலும் உள்ளே வரும் நீரில் 60 சதவீதத்துக்கு மேல் குடிநீராக மீட்கப்படுவதை உறுதி செய்யவும் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது.

விண்வெளி வீரர்கள் பற்றி அவர் சொன்னதும் சரியன்று. சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீரைத் தாழ்ந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்து, அதையும் காற்றிலிருந்து பிடித்த ஈரத்தையும் வடிகட்டும் பொருட்கள் நிரப்பிய கலங்கள் வழியாகச் செலுத்தி, மீதமிருக்கும் கரிமப் பொருட்களை உயர்ந்த வெப்பத்தில் ஒரு வினையூக்கியைக் கொண்டு சிதைத்து, கிருமி வளராமலிருக்க அயோடின் சேர்க்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு வந்த கருவி செய்யும் வேலை அதுவன்று. அங்கே நீரை மீட்கும் அளவு 2023இல் 98 சதவீதத்தைத் தொட்டது என்று நாசா அறிவித்தது. ஒவ்வொரு லிட்டரையும் ராக்கெட்டில் ஏற்ற வேண்டிய இடத்தில், நான்கில் மூன்று பங்கைக் கொட்டும் கருவியை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவும் சொன்னதால் ஆர்.ஓ. தொழில்நுட்பத்தையே நான் பழிப்பதாக நினைத்துவிடாதீர்கள். சென்ற நூற்றாண்டின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று அது என்றே நான் கருதுகிறேன். கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வு ஒன்றைத் தேடி, 1959, 1960 ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து, பயன்படத்தக்க முதல் சவ்வை உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜன். 1965இல் கலிபோர்னியாவின் கொயலிங்கா என்ற உவர்நீர் ஊரில் அந்தச் சவ்வு மக்களுக்குக் குடிநீர் கொடுக்கத் தொடங்கியது. லிட்டருக்கு ஏறக்குறைய 35,000 மில்லிகிராம் உப்புள்ள கடல்நீரிலிருந்து நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலைகள் சென்னைக்கு அருகில் மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் வந்தன. நிலத்தடி நீர் வாயில் வைக்க முடியாத அளவுக்கு உவர்த்துக் கிடக்கும் இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு குடும்பம் ஆர்.ஓ. நீரை நம்பி வாழ்கிறதென்றால், அதை மாற்றச் சொல்லும் உரிமை எனக்கோ உங்களுக்கோ இல்லை. உவர்நீருக்காகப் பிறந்த ஒரு சவ்வை நல்ல ஆற்று நீர் வரும் குழாயில் மாட்டச் சொல்லி, அதற்கு அச்சத்தைக் காரணமாக்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

உங்கள் மருமகளின் கவலையில் பாதி நியாயம் இருக்கிறது. ஆர்.ஓ. சவ்வு கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் பெரும்பகுதியை நீக்கிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் எலும்பு தேயும் என்பது மிகை. உங்கள் குழாய் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் கால்சியம் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், இரண்டு லிட்டர் குடித்தால் கிடைப்பது 100. ஒரு நாள் தேவை ஏறத்தாழ 1,000. நூறு கிராம் கேழ்வரகில் 300க்கு மேல் கிடைத்துவிடுகிறது. சரியாகச் சாப்பிடும் வீட்டில் இந்த இழப்பு பெரிதன்று. பாலும் கேழ்வரகும் கீரையும் குறைவாகச் சேரும் வீட்டில்தான் அந்தப் பத்தில் ஒரு பங்குக்கும் மதிப்பு உண்டு. 'மினரல்' சேர்க்கும் கருவி என்று சொல்லி விற்பவற்றில் பல, சவ்வைக் கடக்காத நீரில் கொஞ்சத்தைச் சுத்தமான நீரோடு மறுபடி கலப்பவை. மூல நீரில் ஃபுளோரைடு இருந்தால் அதுவும் கூடவே திரும்பி வரும் என்பதை யாரும் சொல்வதில்லை.

உங்கள் வீட்டில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது உப்பு அல்ல, கிருமிதான். குழாயில் எந்நேரமும் நீர் ஓடாத ஊர்களில், நீர் நின்றுபோன வேளைகளில் வெடிப்புகள் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே கசிய வாய்ப்பு உண்டு. குழாய் நீரில் குளோரின் மணம் இலேசாக வருகிறதென்றால் அது நல்ல அறிகுறி. கடைசி வீடு வரை லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. ஆர்.ஓ. கருவியில் சவ்வுக்கு முன்னால் இருக்கும் கரி வடிகட்டி இந்தக் குளோரினை நீக்கிவிடும், ஏனென்றால் குளோரின் பட்டால் சவ்வு கெட்டுவிடும். அதன் பிறகு கருவியின் தொட்டியில் நாள்கணக்கில் நிற்கும் நீருக்குக் காவல் எதுவும் இல்லை. தொட்டியைச் சுத்தம் செய்யாமலும் வடிகட்டிகளை மாற்றாமலும் விட்டால், மீட்டர் 28 என்று காட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே கிருமி வளர்ந்துகொண்டிருக்கும்.

எனவே உங்கள் குழாய் நீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி போட்ட பாத்திரத்தில் ஆறவைத்து, கை படாமல் எடுத்துக் குடிப்பது போதும். நாள்தோறும் காய்ச்சுவது சிரமமாக இருந்தால், புற ஊதா விளக்கு மட்டும் உள்ள சாதாரணக் கருவி ஒன்றை வாங்கலாம். அது நீரைக் கொட்டாது, உப்பையும் தொடாது, நீர் தெளிவாக இருந்தால் கிருமிகளைச் செயலிழக்கச் செய்துவிடும். நிலத்தடித் தொட்டியையும் மேல்நிலைத் தொட்டியையும் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று வீட்டில் கேளுங்கள். தெருக்குழாயில் கலங்கலோ நாற்றமோ வந்தால் தெருவாசிகள் எல்லோரும் கையெழுத்திட்டு மாநகராட்சிக்கு எழுதுங்கள். வசதி உள்ளவர்கள் ஆளுக்கொரு கருவி மாட்டிக்கொண்டு இந்தப் புகாரைக் கைவிட்டதனால்தான் பல ஊர்களில் கருவி வாங்க முடியாதவர்களின் குழாயைக் கவனிக்க ஆளில்லாமல் போகிறது.

ஆழ்துளைக் கிணற்று நீர் வேறு விஷயம். 1,400 என்பது அனுமதி வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் அந்த 1,400இல் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பது தெரியாமல் அதைக் குடிக்க வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மக்கள் தலைமுறைகளாகக் குடித்த நிலத்தடி நீரின் ஃபுளோரைடு, குழந்தைகளின் பல்லைக் கறையாக்கி, முதியவர்களின் எலும்பையும் மூட்டையும் இறுக்கியது. அதற்காகத்தான் காவிரி நீரைக் கொண்டு செல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃபுளோரைடின் வரம்பு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், மிஞ்சினால் ஒன்றரை. மீட்டரில் அது தனியாகத் தெரியாது. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். அப்படிப்பட்ட நீரை வேறு வழியின்றிக் குடிக்க நேர்ந்தால், அங்கே ஆர்.ஓ.வுக்கு நியாயமான வேலை இருக்கிறது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் உண்டு, கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் அங்கே சோதித்துக்கொள்ளலாம். குழாய் நீர், கிணற்று நீர் இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள். கிருமிச் சோதனைக்குரிய மாதிரியைக் கிருமி நீக்கிய புட்டியில்தான் பிடிக்க வேண்டும் என்பதால், எப்படிப் பிடிப்பது என்று முதலில் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அறிக்கை வந்ததும் டி.டி.எஸ். எண்ணைத் தாண்டிச் சென்று ஃபுளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, மலக் கலப்பைக் காட்டும் கிருமியான ஈ.கோலி ஆகிய வரிகளைப் பாருங்கள். ஈ.கோலி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த எண்களை எனக்கு எழுதி அனுப்பினால், கருவி வேண்டுமா, வேண்டுமென்றால் எந்தக் கருவி என்பதை அப்போது சேர்ந்து பார்ப்போம். அதுவரை அந்த விற்பனையாளருக்கு முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்.