வீக்கம் வடிந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது. 2 மாதத்துக்கு முன் காலையில் எழுந்ததும் கண் இமை வீங்கியிருந்தது. அலர்ஜி என்று சொட்டு மருந்து போட்டோம். அப்புறம் வயிறும் காலும் வீங்கி, அரணாக்கயிறு இறுகிப்போனது. சிறுநீரில் புரதம் போகிறது, நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்றார்கள். 6 வாரம் தினமும் ஸ்டீராய்டு கொடுத்தோம். இப்போது வீக்கம் இல்லை, சிறுநீரில் புரதமும் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கன்னம் உப்பி, எப்போதும் பசி பசி என்கிறான். மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து பார்க்கலாம் என்கிறார் மாமியார். டயாலிசிஸ் வரை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. - ஒரு தாய்

பதில்: முதலில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்கு ஸ்டீராய்டு கேட்டிருக்கிறது. புரதம் போவது நின்றிருக்கிறது. இப்படி மருந்துக்குக் கட்டுப்படுகிற குழந்தைகள் டயாலிசிஸ் வரை போவது மிக மிக அரிது. 'கிட்னி பெயிலியர்' என்று அக்கம்பக்கத்தில் சொல்வது வேறு நோய். உங்கள் மகனின் சிறுநீரகம் கழிவை ஒழுங்காகத்தான் வெளியேற்றுகிறது. அதிலுள்ள சல்லடையின் கண்கள் சற்றுப் பெரிதாகி, ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் ஒழுகியது, அவ்வளவுதான். ரத்தத்தில் ஆல்புமின் குறைந்தால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். 2 முதல் 6 வயதுக்குள் அதிகம் வருகிற நோய் இது. பெண் குழந்தைகளைவிடப் பையன்களுக்குக் கூடுதலாக வரும்.

தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இத்தனை வாரம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கொடுத்ததால், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்துபோயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் சாதாரண காய்ச்சலில்கூடப் பிள்ளை துவண்டுவிடுவான். அரைகுறையாக நிறுத்தினால் நோயும் சீக்கிரம் திரும்பும். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: பாதரசம், ஈயம் கலந்த பஸ்பங்கள் சிறுநீரகத்தையே கெடுக்கும். பாதரசத்தால் சிறுநீரில் புரதம் போவதும் உண்டு.

உப்பிய கன்னமும் பசியும் மருந்தால் வந்தவை. டோஸ் குறையக் குறைய வடிந்துவிடும். மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். பசிக்கு பிஸ்கட்டும் சிப்ஸும் வேண்டாம். கொய்யா, வெள்ளரி, சுண்டல் கொடுங்கள். உப்பு அளவாக இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். புரதம் போகிறதே என்று தினம் நான்கு முட்டை ஊட்ட வேண்டியதில்லை. வயதுக்கு ஏற்ற சாதாரண சாப்பாடு போதும். ரத்த அழுத்தம், உயரம், எடை ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி நீங்கள் செய்யவேண்டிய முக்கியமான வேலைக்கு வருகிறேன். இந்த நோய் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் திரும்ப வரும், பெரும்பாலும் ஒரு சளி, காய்ச்சலைத் தொட்டு. வீக்கம் வந்து கண்டுபிடிப்பது தாமதம். அதற்குச் சில நாள் முன்பே புரதம் போக ஆரம்பித்துவிடும். அதனால் சிறுநீரை வீட்டிலேயே பாருங்கள். மருந்துக்கடையில் புரதம் பார்க்கும் ஸ்ட்ரிப் கிடைக்கும். காலையில் முதல் சிறுநீரைச் சுத்தமான கிண்ணத்தில் பிடித்து, ஸ்ட்ரிப்பை நனைத்து உடனே எடுத்து, ஓரத்தைத் தட்டி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் கழித்து நிறத்தை ஒப்பிடுங்கள். மஞ்சளாகவே இருந்தால் சரி. பச்சை கூடக் கூடப் புரதம் அதிகம். ஸ்ட்ரிப்பை எடுத்ததும் டப்பாவை இறுக மூடுங்கள், காற்றுப் பட்டால் வீணாகிவிடும். ஒரு நோட்டில் தேதி, முடிவு, கொடுத்த மாத்திரை, சளி, காய்ச்சல் எல்லாவற்றையும் எழுதி வாருங்கள். தொடர்ந்து 3 நாள், டப்பாவில் உள்ள நிற வரிசையில் 3+ என்று குறித்த பச்சையோ அதற்கு மேலோ வந்தால் நோய் திரும்பியதாகக் கணக்கு. வீக்கத்துக்காகக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். நன்றாக எழுதிய நோட்டு கையில் இருந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. எத்தனை முறை வந்தது, எந்த டோஸில் வந்தது என்பதை வைத்துத்தான் லெவமிசோல் போன்ற வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று முடிவெடுக்கிறோம். இந்த வயதில், மருந்துக்குக் கட்டுப்படுகிற குழந்தைக்குப் பொதுவாக பயாப்சி (சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) தேவைப்படாது.

மறுபடி வந்தால் மனம் உடைய வேண்டாம். உங்கள் கவனக்குறைவால் வந்தது என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதின்வயதுக்குள் இந்தத் தொல்லை விட்டுப்போகிறது. பள்ளிக்கு அனுப்புங்கள், ஓடியாட விடுங்கள்.

சிலவற்றில் மட்டும் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது. காய்ச்சலோடு வயிற்றுவலி, மாத்திரை தங்காத அளவுக்கு வாந்தி, சிறுநீர் குறைவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல் என எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தை என்று முதலிலேயே சொல்லுங்கள். நிமோகாக்கல், ஃப்ளூ தடுப்பூசிகள் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். உயிருள்ள கிருமி அடங்கிய தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்பதை அவர்தான் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டிலோ வகுப்பிலோ யாருக்காவது சின்னம்மை போட்டிருந்தால், மகனுக்குக் கொப்புளம் வரட்டும் என்று பார்த்திருக்காமல், அன்றைக்கே டாக்டருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.