மே சொன்ன பொய்

வணக்கம் சார்,

எடித் வார்ட்டனின் 'தி ஏஜ் ஆஃப் இன்னொசென்ஸ்' நாவலை இப்போதுதான் படித்து முடித்தேன். மே என்ற பெண்ணோடு நிச்சயமான ஆர்ச்சர், அவளுடைய மாமன் மகள் எல்லனைக் காதலிக்கிறான். ஆனாலும் மேயையே கட்டிக்கொள்கிறான். கல்யாணத்துக்குப் பிறகும் எல்லனை விட முடியவில்லை. அந்த நேரத்தில் மே, தான் கர்ப்பமாக இருப்பதாக எல்லனிடம் சொல்லி அவளை ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போக வைக்கிறாள். அதுவும் தனக்கே உறுதியாகத் தெரிவதற்கு முன்னால்! என் தோழிகள் ஆர்ச்சர்தான் துரோகி என்கிறார்கள். எனக்கு மேயைத்தான் மன்னிக்க முடியவில்லை. குரலே உயர்த்தாமல் இப்படி ஒரு காரியத்தைச் செய்பவளை வேறு என்னவென்று சொல்வது?

வி.

அன்புள்ள வி.,

மே பொய் சொன்னாள் என்பதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் அந்தப் பொய் நமக்கு எப்படித் தெரியவருகிறது என்று பாருங்கள். எல்லனுக்கு வழியனுப்பு விருந்து முடிந்து எல்லாரும் போன பிறகு, ஆர்ச்சர் நூலக அறையில் உட்கார்ந்து, இந்தியா, ஜப்பான் என்று எங்காவது தூரமாகப் போய்வரப்போகிறேன் என்று இழுக்கிறான். டாக்டர்கள் என்னை விட மாட்டார்களே என்கிறாள் மே. இன்று காலையில்தான் உறுதியானதாம். வேறு யாரிடம் சொன்னாய் என்று கேட்கிறான். தன் அம்மாவிடமும் அவன் அம்மாவிடமும், அப்புறம் எல்லனிடமும் என்கிறாள். எல்லனிடம் பேசியது இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆயிற்றே என்று அவன் கணக்கைப் பிடித்ததும் அவள் முகம் சிவக்கிறது. ஆனால் பார்வையை விலக்கவில்லை. அப்போது உறுதியில்லை, உறுதி என்றுதான் சொன்னேன், இப்போது அது சரியாகிவிட்டது பாருங்கள் என்கிறாள். கண்களில் ஈரம், கூடவே வெற்றி.

அவள் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். செய்யவில்லை. நாவல் முழுக்க அவன் அவளிடம் ஒரு முறைகூட இந்த அளவுக்கு நேராகப் பேசியதில்லை.

இதற்கு வெகு முன்னால், 16ஆம் அத்தியாயத்தில், ஃப்ளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் ஒரு காட்சி வருகிறது. எல்லன் பக்கம் மனம் சாய்வதைக் கண்டு பயந்துபோய், கல்யாணத்தைச் சீக்கிரம் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்க அவன் மேயிடம் ஓடி வந்திருக்கிறான். என்ன அவசரம், வேறு யாராவது இருக்கிறார்களா என்று மே கேட்கிறாள். இருந்தால் என்னை நினைத்து அவளைக் கைவிடாதீர்கள், இன்னொருத்திக்கு அநியாயம் செய்து என் சந்தோஷத்தைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறாள். அந்தப் பெண் விவாகரத்து வாங்க வேண்டியிருந்தாலும் சரி என்கிறாள். 1870களின் நியூயார்க் பெரிய வீட்டுப் பெண் பேசுகிற பேச்சா இது! ஆர்ச்சருக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா? நிம்மதி. அவள் சந்தேகப்படுவது அவனுடைய பழைய தொடர்பு ஒன்றை. அப்பாடா என்று, அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிடுகிறான். கதவைத் திறந்து வைத்தவள் மே, சாத்தியவன் அவன்.

உங்கள் தோழிகளோடு நான் ஒத்துப்போகிறேன், ஆனால் காரணம் வேறு. இன்னொருத்தியைக் காதலித்தது அவன் கையில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மேயின் தலைக்குள் ஒன்றுமில்லை என்று முதல் பக்கங்களிலேயே முடிவு கட்டிக்கொண்டு, கடைசிவரை அதைச் சரிபார்க்காமலே வாழ்ந்தானே, அதுதான் அவன் செய்த துரோகம். நியூபோர்ட் வில்வித்தைப் போட்டியில் மே ஜெயித்ததும், இவளால் அடிக்க முடிந்த குறி இது ஒன்றுதான் என்று பணக்கார வங்கிக்காரன் பூஃபோர்ட் கிண்டல் செய்வது நினைவிருக்கிறதா? ஆர்ச்சருக்குக் கோபம் வருகிறது. ஆனால் உள்ளுக்குள் அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் குறி தப்பாமல் அடித்தது யார்?

எல்லனுக்கு மட்டும் அவன் என்ன நல்லது செய்துவிட்டான்? கொடுமைக்காரக் கணவனிடமிருந்து விவாகரத்து கேட்டு அவள் வந்தபோது, குடும்பத்தின் சார்பில் வக்கீலாகப் போய், வேண்டாம், ஊர் பேசும் என்று தடுத்தவன் அவன்தான். பிறகு அவளிடமே வந்து காதலைச் சொல்லும்போது, இதை நடக்க முடியாமல் செய்தது நீதானே என்று அவள் கேட்பது நியாயமான கேள்வி. அன்றைக்கே மேயிடமிருந்து தந்தி வருகிறது: கல்யாணத்தை முன்னால் வைத்துக்கொள்ள வீட்டில் சம்மதித்துவிட்டார்கள்! அவன் கெஞ்சிக் கேட்டதுதான். இதற்கு நடுவில் பூஃபோர்ட் எல்லனைச் சுற்றி வருகிறான் என்று இவனுக்குப் பொறாமை வேறு. இன்னொரு பெண்ணோடு நிச்சயமானவனுக்கு அந்த உரிமையை யார் கொடுத்தார்கள் என்று ஆசிரியர் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

ஒரு விஷயத்தில் உங்கள் கோபம் சரி. மே தனியாக ஜெயிக்கவில்லை. அந்த விருந்து மேஜையில்தான் ஆர்ச்சருக்கு உறைக்கிறது, தன்னையும் எல்லனையும் கள்ளக்காதலர்கள் என்றே சுற்றியிருக்கிற அத்தனை பேரும் மாதக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தார்கள் என்று. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைவி பக்கம் திரண்டு நின்று, நல்ல சாப்பாடு போட்டு, புன்னகையோடு எல்லனை அனுப்பிவைக்கிறார்கள். எனக்கு மேயைவிட அந்த மேஜையைப் பார்த்துத்தான் பயம்.

வார்ட்டன் இதை ஒரே பக்கம் நின்று எழுதவில்லை. அவர் அந்தச் சமூகத்திலேயே 1862இல் பிறந்து வளர்ந்தவர். கணவர் இவருடைய பணத்தை எடுத்து வேறொரு பெண்ணுக்காகச் செலவழித்தார். இவருக்கும் திருமணத்துக்கு வெளியே ஒரு காதல் இருந்தது. 1913இல் விவாகரத்து. நாவல் வந்தது 1920இல், பிரான்ஸில் குடியேறிய பிறகு. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது; நாவலுக்காக அதை வாங்கிய முதல் பெண் அவர். ஏமாற்றப்பட்ட மனைவி, ரகசியக் காதலி, விவாகரத்தானவள் என்று மூன்று இடத்திலும் நின்று பார்த்தவர் என்பதால்தானோ என்னவோ, மேயை வில்லியாக்க அவருக்கு மனம் வரவில்லை.

மே இறந்து சில காலம் கழித்து, பாரிஸில், மகன் டல்லாஸ் அப்பாவிடம் ஒன்று சொல்கிறான். இறப்பதற்கு முந்தைய நாள் அம்மா தன்னைத் தனியாகக் கூப்பிட்டு, தான் கேட்டதும் அப்பா மிகவும் ஆசைப்பட்டதை விட்டுக்கொடுத்தவர், அவரிடம் நீங்கள் பத்திரமாக இருப்பீர்கள் என்றாளாம். அவள் என்னிடம் கேட்கவே இல்லையே என்கிறான் ஆர்ச்சர். தன் வலி யாருக்கும் தெரியாது என்று நினைத்து இருபத்தாறு வருஷம் ஓட்டிய மனிதன் அவன். பக்கத்திலேயே ஒருத்தி தெரிந்துகொண்டு, அவனுக்காக இரக்கப்பட்டுக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

மறுபடி படிப்பதாக இருந்தால் அந்த 16ஆம் அத்தியாயத்தில் தொடங்கி, ஆர்ச்சர் மேயைப் பற்றி நினைப்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அவள் வாயால் சொல்வதை மட்டும் கவனித்துப் படித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் கோபம் தீரவில்லை என்றால் எழுதுங்கள், சண்டை போடலாம்.